கண்டன்சர் சரியாகத்தான் போட்டேன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டது சரியான கண்டன்சர். இரண்டரை எம்.எஃப்.டி. ஒயரைப் பிரித்தது சரி, முறுக்கியது சரி, டேப் சுற்றியதும் சரி. இதை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஃபேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எல்லாரும் நேராக எண்ணெய்க் கதைக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (எண்ணெய் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அது வரவேண்டிய இடத்தில்தான் வரும்.)

நான் ராஜபாளையத்துப் பெண். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டு இன்னொரு மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். மோட்டாரைக் கழற்றுவது, பேரிங் மாற்றுவது, ஸ்டார்ட்டர் பார்ப்பது எல்லாம் என் வேலை. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கல்யாணம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள். லீவு முடிந்து ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பலாமா கூடாதா என்பதுதான் வீட்டில் முடிவாகாமல் கிடந்தது.

முடிவு சொல்ல வேண்டியவர் என் மாமனார். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். தங்கமான மனிதர். எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. (அவர் மேசைக்குப் போன மனுக்களைக் கேட்டால் தெரியும்.) நான் நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் ஒரே பதில்தான்.

"தெனமும் பஸ்ஸுல ராசபாளையம் போயிட்டு வாரது லேசில்லம்மா பியூலா. சனிக்கெழம நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம் இருக்குல்லா, ஐயர் வருவாக. அவிய கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். நல்லவர்தான், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் படித்தது நான், மோட்டாரோடு மல்லுக்கட்டப் போவதும் நான், பஸ்ஸில் நசுங்கப் போவதும் நான். முடிவு மட்டும் ஐயரிடமிருந்து வர வேண்டுமாம். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. புது மருமகள் என்பதால் "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

இப்போது ஃபேனுக்கு வருகிறேன்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஃபேன் தொங்கியது. கனமான இரும்பு ஃபேன், எருமை மாதிரி. சுவிட்சைப் போட்டால் ஓடாது. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். உடனே வீட்டில் இருக்கிற யாராவது ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொண்டுபோய் இறக்கையை ஒரு தள்ளு தள்ள வேண்டும். தள்ளினால் சுற்றும். மூன்று வருஷமாக அந்தக் குடும்பம் இப்படித்தான் காற்று வாங்கியிருக்கிறது. விருந்தாளிகளுக்குக்கூடப் பழகிப்போயிருந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையில் இருக்கும் கம்பை எடுத்து ஃபேனைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் "சொகமா இருக்கீகளா?" என்று கேட்பார்கள்.

ஃபேன் முனகுகிறது, தள்ளினால் ஓடுகிறது என்றால் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். தொண்ணூறு சதவீதம் அதுதான். ஸ்டூல் போட்டு ஏறினால் பத்து நிமிஷ வேலை. நான் வந்த இரண்டாம் நாளே சொன்னேன்.

"ஆளு வரட்டும்மா" என்றார் மாமனார்.

ஆள் என்பது மம்சாபுரத்து எலக்ட்ரீஷியன். போன் போட்டால் "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்பார். மம்சாபுரம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் எந்த வழியாக வந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, பன்னிரண்டு நாளாக வந்துகொண்டே இருந்தார். வீட்டில் டிப்ளமோ படித்த ஒருத்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள், இவர்கள் மம்சாபுரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னவென்று சொல்ல!

ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, மாமனாரும் அத்தையும் ஒரு துக்கம் விசாரிக்கச் சுந்தரபாண்டியம் போனார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபேனைச் சரிபண்ணிவிடுவது. சனிக்கிழமை ஐயர் வந்து உட்காரும்போது அது கம்பில்லாமல் ஜம்மென்று சுற்றும். இப்படிக் கைவேலை தெரிந்தவளை வீட்டில் பூட்டி வைப்பது பாவம் என்று ஐயருக்கே தோன்றிவிடும். வேலை நிச்சயம். (இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.)

என் கணவர் தயாளன் மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்ட். அவரையும் கூட்டிக்கொண்டு பஜாரில் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. தனியாகப் போயிருக்க வேண்டும்.

"ஃபேன் கண்டன்சர், ரெண்டரை ஒண்ணு குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "சார், ரெண்டரையா, மூணேகாலா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டரை" என்றேன்.

"சார், வீட்டம்மா ரெண்டரைங்காக. நீங்க என்ன சொல்லுதீக?"

"அவ சொன்னாச் செரிதான்" என்றார் தயாளன், தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

கடைக்காரர் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். "ஆள வச்சு மாட்டுங்க சார். லேடீஸ் கையில குடுத்துராதீக, ஷாக் கீக் அடிச்சிரும்" என்று அக்கறையாக வேறு சொன்னார். பஜாரிலிருந்து வீடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் கடைக்குத்தான் ஷாக் அடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மெயினை அணைத்தேன். ஸ்டூலில் ஏறி, மேலே ஒயரை மூடியிருக்கும் கிண்ணத்தை இறக்கி, பழைய கண்டன்சரை வெட்டி எடுத்துப் புதியதை மாட்டினேன். தயாளன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பன்னிரண்டு நிமிஷம். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் முனகாமல் கிளம்பி, நாலு சுற்றிலேயே வேகம் பிடித்து, சுவரில் மாட்டியிருந்த வசனக் காலண்டரைப் படபடவென்று அடிக்க வைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் மாமனார் வந்தார். சட்டையைக் கழற்றினார், சுவிட்சைப் போட்டார், பழக்கதோஷத்தில் கம்பை எடுத்து மேலே நீட்டினார். அதற்குள் ஃபேன் வேகம் பிடித்துவிட்டது. இறக்கை கம்பை 'டக்' என்று தட்ட, கம்பு பறந்துபோய்ச் சோபாவில் விழுந்தது.

"ஆளு வந்தானா?" என்றார், கையை உதறிக்கொண்டே.

"வரல மாமா. நான்தான் பாத்தேன்."

அவர் ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபேனைப் பார்த்தார். 'நல்லாயிருக்கும்மா' என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"கிரீச்சுன்னு சத்தம் வருதே" என்றார்.

வந்ததுதான். இல்லையென்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக நொண்டி நொண்டிச் சுற்றிய ஃபேன் திடீரென்று ஓடினால் காய்ந்துபோன பேரிங் கத்தத்தான் செய்யும். ஆனால் ஒரு மனிதர் கம்பு தூக்கிய காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், அதற்கு இதுவா பதில்? "அத நாளைக்குப் பாத்துருதேன் மாமா" என்றேன். அந்த ரோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

பேரிங் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஃபேனை இறக்கி, பிரித்து, பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், அல்லது புதியது போட வேண்டும். மில்லில் நூறு தடவை செய்திருக்கிறேன். ஆனால் அந்த எருமையை இறக்க இரண்டு ஆள் வேண்டும், பேரிங்கைப் பிடித்து இழுக்கிற புல்லர் வேண்டும், அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். என்னிடம் இருந்தது ஸ்பிண்டில் ஆயில்.

ராஜபாளையத்து மில்காரர் வீடுகளில் இது எப்பேர்ப்பட்ட பொருள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நூற்கிற எந்திரத்தின் கதிர்களுக்கு விடுகிற, தண்ணி மாதிரி மெல்லிசான எண்ணெய். எந்திரத்திலிருந்து கழித்து எடுக்கும் பழைய எண்ணெய் எப்படியோ வீட்டுக்கு வந்துவிடும். கதவு கத்தினால் ஸ்பிண்டில் ஆயில். தையல் மெஷினுக்கு ஸ்பிண்டில் ஆயில். சைக்கிள் செயின், கேட்டு, பூட்டு, கிணற்று உருளை, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் தெருவில் ஒருவர் முழங்கால் வலிக்கே அதைத் தேய்த்தார். (வலி போனது என்றுதான் சாகும்வரை சொன்னார்.) என் அப்பா என் கல்யாணச் சீரில் கட்டில், பீரோ, பாத்திரத்தோடு ஒரு லிட்டர் பாட்டில் ஸ்பிண்டில் ஆயிலும் வைத்து அனுப்பியிருந்தார். "போற எடத்துல ஒதவும்த்தா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி ஸ்டூல். ஷாஃப்டுக்கும் மோட்டார் மூடிக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் எண்ணெயை விட வேண்டும். தயாளன் தன் கடையிலிருந்து பெரிய சிரிஞ்ச் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒரு சிரிஞ்ச் விட்டேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. இன்னொன்று விட்டேன். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதை ஏற்றும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"பியூலா, டோஸ் சாஸ்தியோ?"

"நீங்க மருந்தப் பாருங்க. மோட்டார நான் பாத்துக்கிடுதேன்."

இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அடிக்கலாம் போலிருக்கிறது. மில்லில் ஒரு ஹெல்பர் இப்படி மோட்டாருக்குள் அரைப் படி எண்ணெயை ஊற்றுவதைப் பார்த்திருந்தால், அவனை ஷெட்டைச் சுற்றி ஓடவிட்டிருப்பேன். ஆனால் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. கீழே பேப்பர் விரித்து, ரெகுலேட்டரை இரண்டில் வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டினேன். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று இறங்கிவந்து காப்பி போட்டுக் குடித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கூடம் நிறைய சபையார். ஜமுக்காளத்தில் இருபது பேர் இருக்கும். சனிக்கிழமை என்றாலும் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற மாதிரி வெள்ளையும் சொள்ளையுமாக வந்திருந்தார்கள். ஐயர் வெள்ளை அங்கியில், சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனார் கூடத்தின் நட்ட நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். யாரோ ஒருவர் பழக்கத்தில் கம்பைத் தேடினார்.

"கம்பு வேண்டாம்" என்றார் மாமனார், சத்தமாக. "எங்க மருமக பாத்துட்டா. அவ கைவேலதான்."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயர் புன்னகைத்தார். மாமனார் ரெகுலேட்டரை ஐந்தில் வைக்கச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை. திங்கட்கிழமை எந்தச் சேலை கட்டிக்கொண்டு மில்லுக்குப் போவது என்றுகூட யோசித்தேன்.

பாட்டு முடிந்தது. வசனம் வாசித்தார்கள். பிறகு ஐயர் ஜெபிக்க ஆரம்பித்தார். எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மூடவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஆண்டவர் மன்னிப்பார். கம்பில்லாமல் ஓடுவதைப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை.)

ஐந்தில் அரைமணி நேரம் ஓடி மோட்டார் சூடாகியிருந்தது. சூடானதும் எண்ணெய் இளகி மூடி வழியாகக் கசிந்து, இறக்கைக்கு வந்து, மூன்று வருஷத் தூசியைக் கரைத்துக்கொண்டு நுனிவரை ஓடியிருக்கிறது. முதல் சொட்டு ஒரு அண்ணாச்சியின் சட்டை முதுகில் விழுந்ததைப் பார்த்தேன். கறுப்பாக, மிளகு அளவு. இரண்டாவது அவர் பக்கத்தில் இருந்தவர் தோளில். அப்புறம் சீராக, வட்டம் போட்ட மாதிரி, வரிசையில் இருந்த எல்லார் மேலும். நடுவில் இருந்த மாமனார் மேல் ஒரு பொட்டு இல்லை.

ஜெபத்தின் நடுவே எப்படிக் கத்துவது? சுவிட்ச் ஐயர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் முழங்கால் போட்டபடியே சுவரோரமாக நகர ஆரம்பித்தேன். அத்தையின் அக்கா, வயதானவர், நெற்றியில் ஒரு சொட்டு விழுந்ததும் நடுங்கிப்போய் "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சொன்னார்கள். கூட்டத்தில் உருக்கம் கூடிவிட்டது. ஐயரும் உருகிப்போய், முடிக்க இருந்த ஜெபத்தை நீட்டினார்.

"இந்த வீட்டுக்கு வந்திருக்கிற மருமகளுக்காக ஜெபிக்கிறோம். அவளுடைய கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும்" என்று அவர் சொன்னபோது அவருடைய வழுக்கையில் இரண்டு சொட்டு விழுந்தது. வேர்வை என்று நினைத்துக் கையால் நெற்றிவரை இழுத்துத் துடைத்தார். அந்தக் கையை அங்கியிலும் துடைத்தார்.

ஒருவழியாக ஊர்ந்துபோய்ச் சுவிட்சை அணைத்தேன். அதுதான் கடைசித் தப்பு. அணைக்காமல் விட்டிருந்தால் மாமனாராவது தப்பித்திருப்பார். வேகம் குறையக் குறைய எண்ணெய் விழுகிற வட்டமும் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஃபேன் நிற்கும் நேரத்தில், உள்ளே மிச்சமிருந்தது எல்லாம் சேர்ந்து ஒரே நூலாக, நேர் கீழே, என் மாமனாரின் உச்சந்தலையில் இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"ஆமென்" என்றார் ஐயர்.

எல்லாரும் கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 'எங்க மருமக கைவேல' என்று இருபது பேருக்கும் ஏற்கெனவே அறிவித்தாயிற்று, இனி யார் தலையில் போட?

"இது என்ன எண்ணெயம்மா?" என்று ஐயர் சாந்தமாகக் கேட்டார்.

"ஸ்பிண்டில் ஆயில் ஐயா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அடுப்படிக்கு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சட்டைகள் போனதற்காக நான் அழவில்லை. வேலை போய்விட்டதே என்றுதான் அழுதேன். கெஞ்சிக் கேட்டிருந்தாலாவது கிடைத்திருக்கும். இப்படிக் கைவேலையைக் காட்டப்போய், நானே என் கையால் கெடுத்துக்கொண்டேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெளியே அத்தை ஆளுக்கொரு துணியும் சீயக்காயும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். தலையில் துண்டு கட்டியிருந்தார். காதோரமாக இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"மில்லுலயும் இந்த வேலதான் பாக்கியாம்மா?"

"ஆமா மாமா" என்றேன், அழுகையோடு.

அவர் காதோரத்து எண்ணெயைத் துண்டு நுனியால் துடைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் கேட்காமல், ஒரே நிமிஷத்தில் ஒரு முடிவு எடுத்தார்.

"திங்கக்கெழம காலையில மொத பஸ்ஸுலயே கெளம்பிரு தாயி. வீட்டுல இன்னும் மூணு ஃபேன் இருக்கு."

இதுதான் நான் வேலைக்குப் போன கதை. திறமையைப் பார்த்து அனுப்பினார்களா? இல்லை. படிப்புக்கு மரியாதை கொடுத்து அனுப்பினார்களா? அதுவும் இல்லை. மிச்சமிருக்கிற மூன்று ஃபேனைக் காப்பாற்ற அனுப்பினார்கள். திங்கட்கிழமை விடியுமுன்னே அத்தை டிபன் கட்டிவிட்டார். மாமனார் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்து, பஸ் கிளம்பிக் கண் மறையும்வரை நின்றார். வழியனுப்ப நின்றாரா, நான் உண்மையிலேயே போய்விட்டேனா என்று பார்க்க நின்றாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. மம்சாபுரத்து ஆள் வந்துவிட்டார்! ஊரெல்லாம் பேசிக்கொண்டதைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் எனக்குச் சந்தேகம். ஃபேனை இறக்கிக் கழுவி, பேரிங் மாற்றி, மேலே மாட்டும்போது சொன்னார்: "கண்டன்சர் யாரு போட்டது? சுத்தமாப் போட்டிருக்காகளே." அந்த நேரம் பார்த்து மாமனாரும் அத்தையும் கோயிலில் ஆராதனையில் இருந்தார்கள். கேட்ட ஒரே சாட்சி என் கணவர். அவரைக் கேட்டால் "அப்டியா சொன்னான்? எனக்கு ஞாபகம் இல்லியே" என்கிறார். ஆனால் 'டோஸ் சாஸ்தி' என்று தான் சொன்னது மட்டும் அவருக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடினாலும், நான் சண்டையில் இரண்டு வார்த்தை அதிகம் பேசினாலும், சம்பந்தி வீட்டில் நகை அதிகம் கேட்டாலும், எங்கள் குடும்பத்தில் இன்று அதற்குப் பெயர் டோஸ் சாஸ்தி.

இப்போது நான் அதே மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். ஒரு ஷெட் முழுக்க என் பொறுப்பில் ஓடுகிறது. வீட்டிலோ நான் லீவு போட்டால் ஸ்டூல் காணாமல் போய்விடும், மாமனார் அறையின் கதவு பூட்டியிருக்கும்.

அந்த ஐயர் இரண்டு வருஷம் கழித்து மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு ஒருவர் வந்து போய்விட்டார். இப்போது இருப்பவர் மூன்றாவது. போன மாதம் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தார். புது மனிதர், இந்தக் கதை தெரிய வழியில்லை என்று நிம்மதியாக நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் வாசலிலேயே நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு, "ஜெபிக்கலாமா?" என்றார். பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒருவருக்கு ஒருவர் இதையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

கூடத்தின் நடுவில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கம்பில்லாமல், ஒன்பது வருஷமாக அதே கண்டன்சரில். அதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.